மலையை விட்டு கீழ இறங்கப்போற பொண்ணுங்க படிக்க வேண்டிய கடைசி புக்: 'ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர், லாரா ஜீன்'

முதல்லயே சொல்லிடறேன், இதுல கதையோட முடிவு வரைக்கும் பேசப்போறேன். இன்னும் படிக்காதவங்க, முடிவு தெரிஞ்சா பிடிக்காதவங்க இத்தோட நிறுத்திட்டு, புக்கை படிச்சு முடிச்சுட்டு வாங்க. எனக்கு முடிவை மறைச்சு வச்சுக்கிட்டு இந்த புக்கை பத்தி பேசவே வராது, ஏன்னா இதுல சொல்ல வேண்டிய விஷயமே அந்த பின்பாதியிலதான் இருக்கு.

ஜென்னி ஹான் எழுதின லாரா ஜீன் சீரிஸ்ல மூணாவது, கடைசி புக் இது. 2014ல முதல் புக், 2015ல ரெண்டாவது, 2017ல இது. ரெண்டு புக்கோட முடிக்கிறதாதான் அவங்க முதல்ல இருந்தாங்க, அப்புறம்தான் மூணாவதை எழுதினாங்க. நிறைய பேர் அதனாலேயே இது தேவையில்லாத புக்குன்னு சொல்றாங்க, லவ்தான் ரெண்டாவதுலயே செட் ஆயிடுச்சே அப்புறம் என்னன்னு. நான் அதுக்கு நேர் எதிர் கட்சி. மூணுல இதுதான் எனக்கு பெருசு. முதல் ரெண்டு புக்கும் ஒரு பையனை பிடிச்சுப்போறதை பத்தி, இது வீட்டை விட்டு போறதை பத்தி. மலையில பிறந்து வளர்ந்தவங்களுக்கு இந்த ரெண்டாவது விஷயம் எவ்வளவு பெருசுன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

நாங்க கோத்தகிரி. 2018 ஆகஸ்ட்ல நெட்ஃபிளிக்ஸ்ல முதல் படம் வந்தப்ப நான் பன்னெண்டாவது படிச்சிட்டிருந்தேன், கிளாஸ்ல ஒருத்தி போன்ல டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா, அதை நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். அப்புறம் ஊட்டிக்கு ஒரு வேலையா போனப்ப அப்பாகிட்ட கெஞ்சி முதல் புக் வாங்கினேன். ரெண்டாவது அடுத்த வருஷம் பொறந்தநாளுக்கு. மூணாவதை மட்டும் வாங்கவே இல்ல, காலேஜ், வேலைன்னு அப்படியே விட்டுப்போச்சு. என் தங்கச்சி என்னைவிட ஆறு வருஷம் சின்னவ, அவ போன வருஷம்தான் அந்த ரெண்டையும் அலமாரியில இருந்து எடுத்து படிச்சா, படிச்சு முடிச்ச அன்னைக்கே "அக்கா மூணாவது எங்க"ன்னு ஆரம்பிச்சா, ப்ளஸ் டூ எக்ஸாம் முடியட்டும்டி வாங்கித் தரேன்னு சொல்லி நிறுத்தி வச்சிருந்தேன். கவுன்சிலிங் நடந்துட்டு இருந்தப்பதான் புக் வந்து சேர்ந்துச்சு, அவ பகல்ல படிக்க நான் ராத்திரில படிக்க, ஒரே புக்மார்க்கை மாத்தி மாத்தி வச்சு ரெண்டு பேரும் ஒரே வாரத்துல முடிச்சோம்.

முன்கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா: லாரா ஜீன் அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ஷார்லட்ஸ்வில்ங்கிற ஊர் பொண்ணு. அம்மா கொரியன், இறந்துட்டாங்க. அப்பா பிரசவ டாக்டர். அக்கா மார்கோ, தங்கச்சி கிட்டி. தனக்கு பிடிச்ச பசங்களுக்கெல்லாம் லெட்டர் எழுதி, அனுப்பாம ஒரு பெட்டியில வச்சிருப்பா, அது எல்லாம் போஸ்ட் ஆயிடும், அதை சமாளிக்க பீட்டர் கவின்ஸ்கின்னு ஒருத்தனோட லவ் பண்ற மாதிரி ரூல்ஸ் எல்லாம் எழுதி ஒப்பந்தம் போட்டு நடிக்க ஆரம்பிச்சு, அது நிஜமாயிடும்.

இப்ப மூணாவது புக். ஸ்கூல்ல கடைசி வருஷம். அவங்க ஊர்லயே யூனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா இருக்கு, தாமஸ் ஜெஃபர்சன் 1819ல ஆரம்பிச்ச பழைய யூனிவர்சிட்டி, சின்ன வயசுல இருந்து அவ அங்கதான் படிக்கப்போறோம்னு நினைச்சு வளர்ந்தவ. பீட்டருக்கு லக்ராஸ்னு வலை வச்ச குச்சியால பந்தை பிடிச்சு எறிஞ்சு ஆடற விளையாட்டுல ஸ்காலர்ஷிப் கிடைச்சு அங்க சீட் உறுதி. ரெண்டு பேரும் ஒரே காலேஜ், வீடு பக்கத்துல, தங்கச்சி பக்கத்துல, எல்லாமே போட்ட கணக்கு மாதிரி இருக்கு. அவளுக்கு மட்டும் சீட் கிடைக்கல. வில்லியம் அண்ட் மேரின்னு இன்னொரு காலேஜ்ல கிடைக்குது, அங்க ஒரு வருஷம் படிச்சுட்டு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டு திரும்ப வந்துடலாம்னு பீட்டரும் அவளும் திட்டம் போடறாங்க. அந்த நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த நார்த் கரோலினா யூனிவர்சிட்டி, சேப்பல் ஹில்ல இருந்து சீட் இருக்குன்னு வருது. சும்மா பார்த்துட்டு வரலாம்னு தோழி கிரிஸ்ஸோட கார்ல போறா. போய் பார்த்ததும் அந்த ஊர் அவளுக்கு பிடிச்சுப்போகுது. பிடிச்சுப்போனதுதான் பிரச்சனை.

இதை படிக்கறப்ப என் தங்கச்சி மொபைல்ல டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன் பேஜ் ஓப்பன்ல இருக்கு. நம்ம ஊர்ல கணக்கு வேற. மேத்ஸ் நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது, மொத்தம் இருநூறுக்கு கட்ஆஃப், அதை வச்சு ரேங்க், சாய்ஸ் பில்லிங், அலாட்மென்ட், முடிஞ்சுது. அங்க மார்க்கோட கட்டுரை, ஸ்கூல்ல என்னென்ன பண்ணினோம்ங்கிறது எல்லாம் சேர்த்து பார்க்கறாங்க, ஏன் கிடைக்கலன்னு யாரும் ஒரு நம்பரை காட்டி சொல்ல மாட்டாங்க, அதனாலதான் லாரா ஜீனுக்கு அந்த ரிஜெக்ஷன் அவ்வளவு வலிக்குது, உன்னை மொத்தமா பார்த்துட்டு வேண்டாம்னு சொன்ன மாதிரி. ஆனா வெயிட்டிங் லிஸ்ட் விஷயம் மட்டும் நமக்கு நல்லா புரியும், ஏன்னா நம்மகிட்ட 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'னு ஒண்ணு இருக்கே. கிடைச்சதை கையில பிடிச்சுக்கிட்டே அதைவிட மேல வச்ச சாய்ஸ்ல இடம் காலியானா தாங்கன்னு கேட்டு உக்காந்திருக்கறது. தங்கச்சிக்கு முதல்ல வந்தது கோயம்புத்தூர். வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, பக்கம், வாராவாரம் வந்துடலாம், அவளோட ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் அங்கதான். இருந்தாலும் லிஸ்ட்ல முதல்ல சென்னை போட்டிருந்ததால அப்வர்ட் கொடுத்தா, சும்மா கொடுத்து வைப்போம் வராதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். வந்துடுச்சு. சேப்பல் ஹில் சாப்டரை அவ படிச்சது அந்த வாரம்.

அதனால இந்த புக்கை நான் நடுநிலையா விமர்சனம் பண்றேன்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்ல நடந்ததும் அதுல எழுதியிருந்ததும் ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு நெருக்கமா இருந்துச்சு.

அந்த ட்ரான்ஸ்ஃபர் திட்டத்தை பத்தி கொஞ்சம் சொல்லணும், புக்கோட உயிரே அதுதான். ஒரு வருஷம்தான், அப்புறம் திரும்பி வந்துடுவேன். இந்த வாக்கியத்தை மலையில சொல்லாத வீடு இருக்கா? நான் 2019 ஜூன்ல கோயம்புத்தூர்ல பி.காம் சேரப்போனப்ப இதையேதான் சொன்னேன், மூணு வருஷம்தான், முடிச்சுட்டு மேலயே வந்துடுவேன்னு. எங்க தெருவுல எனக்கு முன்னாடி போன எல்லாரும் சொன்னாங்க, யாரும் வரல, திருப்பூர், கோவை, பெங்களூருன்னு அங்கங்க தங்கிட்டாங்க, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் மேல வராங்க. நான் வந்தேன், அது வேற கதை. ஆனா அந்த மூணு வருஷம் நான் எப்படி இருந்தேன்னா, ஒரு பை எப்பவும் பாதி பேக் பண்ணியே இருக்கும், வெள்ளிக்கிழமை மதியம் கிளாஸ் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம், ஹாஸ்டல்ல யாரோடயும் ஒட்டல, அந்த ஊர்ல எனக்குன்னு ஒரு டீக்கடை கூட கிடையாது. ஊரை விட்டு போனேன், ஆனா போய்ச் சேரவே இல்ல. லாரா ஜீன் சேப்பல் ஹில்ல பிடிச்சதும் பயந்து போறது அதுக்குத்தான். வில்லியம் அண்ட் மேரிக்கு போனா அவ எப்பவும் திரும்பிப் போக ரெடியா உக்காந்திருப்பா. சேப்பல் ஹில்ல அப்படி இருக்க முடியாது, அங்க போனா முழுசா போகணும், போனா ட்ரான்ஸ்ஃபர் கேட்க மனசு வராதுன்னு அவளுக்கே தெரியுது. அந்த பயத்தை ஜென்னி ஹான் ரொம்ப சாதாரண வார்த்தைகள்ல எழுதியிருக்காங்க, பெரிய டயலாக் எதுவும் இல்ல, அதனாலேயே எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு.

ஷார்லட்ஸ்வில்ல இருந்து சேப்பல் ஹில் கார்ல மூணு மணி நேரம். நெட்ல நிறைய பேர் இதுக்கு போய் பிரேக்கப்பா, மூணு மணி நேரம் எல்லாம் ஒரு தூரமான்னு எழுதறாங்க. கோத்தகிரியில இருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ல கிட்டத்தட்ட அதே நேரம்தான். நான் போன அன்னைக்கு அரவேணு தாண்டுற வரைக்கும் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், குஞ்சப்பனை கிட்ட பலாப்பழ வாசனைக்கு யானை வந்து ரோடு ஓரமா நின்னுச்சுன்னு வண்டிய நிறுத்தி வச்சிருந்தாங்க, மேட்டுப்பாளையம் இறங்கறப்ப காது அடைச்சு வேர்த்துக்கொட்டி ஸ்வெட்டரை மடியில வச்சிருந்தேன். அதுக்குள்ள வேற ஊர், வேற காத்து, வேற தண்ணி. நாங்க 'கீழ போறது'ன்னு சொல்றது ஏன்னு சமவெளியில இருக்கறவங்களுக்கு புரிய வைக்கறது கஷ்டம். கிலோமீட்டர்ல பார்த்தா பக்கம்தான். அதனால அந்த மூணு மணி நேரத்தை நான் நம்பினேன், என் தங்கச்சியும் நம்பினா.

அடுத்து குக்கி. இந்த புக் முழுக்க லாரா ஜீன் ஒரு சரியான சாக்லேட் சிப் குக்கி செய்ய முயற்சி பண்ணிட்டே இருப்பா, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு மாத்தி, வீட்ல எல்லாரையும் டேஸ்ட் பண்ண வச்சு. சிலருக்கு அது போரடிக்கும். எனக்கு அது புரிஞ்சது, காலேஜ் யார் கையிலயோ இருக்கு, அப்பா கல்யாணம் அவர் கையில இருக்கு, பீட்டர் மனசு பீட்டர் கையில, மாவும் வெண்ணெயும் மட்டும்தான் அவ கையில. எங்க வீட்ல சின்ன ஓடிஜி ஓவன் இருக்கு, படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, நெட்ல ஒரு ரெசிபி எடுத்து செஞ்சோம். முதல் ட்ரே மொத்தமா உருகி ஒட்டி ஒரே அப்பளமா வந்துச்சு. கோத்தகிரி கிட்டத்தட்ட ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம், இங்க காத்தழுத்தம் கம்மி, தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சுடும், மாவுல இருக்க ஈரம் சீக்கிரம் போயிடும், சர்க்கரை கெட்டியாகி குக்கி பரவிடும், சோடா போட்டதும் ரொம்ப பொங்கி அமுங்கிடும். அதனால சமையல் சோடாவை கொஞ்சம் குறைச்சு, சர்க்கரை ரெண்டு ஸ்பூன் குறைச்சு, மைதா ரெண்டு ஸ்பூன் கூட்டி, பிசைஞ்ச மாவை ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சு, ஓவன் சூட்டை கொஞ்சம் ஏத்தி வச்சு செஞ்சோம். நாலாவது ட்ரேல வந்துச்சு. ஓரம் முறுமுறுன்னு நடுவுல மெத்துனு. அப்பா ஒண்ணை எடுத்து டீல தொட்டு சாப்ட்டுட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊட்டி வர்க்கி பிஸ்கட் மாதிரி வருமா"ன்னாரு. வர்க்கிக்கு விறகு அடுப்பு வேணும்ப்பா, அதுக்கு 2023ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க, அதோட போட்டி போட எங்களால முடியாதுன்னு சொன்னேன்.

குடும்பக் கதைதான் இந்த சீரிஸோட பலம்னு நான் எப்பவும் சொல்வேன், இந்த புக்ல அது இன்னும் நல்லா இருக்கு. அப்பா பக்கத்து வீட்டு ட்ரினாவை கல்யாணம் பண்ணிக்கப்போறார். கிட்டிக்கு ஒரே சந்தோஷம், ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணும்னு முதல்ல இருந்து நின்னவ அவதான். லாரா ஜீனுக்கும் சரி. ஸ்காட்லாந்துல படிச்சிட்டிருக்க மார்கோதான் லீவுக்கு வந்து பார்த்துட்டு முறுக்கிக்கிட்டு நிக்கறா, அம்மா இருந்த வீட்டுக்குள்ள இன்னொருத்தங்க பொருளெல்லாம் வந்து உக்காந்திருக்கறதை அவளால தாங்க முடியல. ஊர்ல இல்லாத மூத்தவளுக்குத்தான் வீடு மாறக்கூடாதுன்னு இருக்கும். இதை நான் அனுபவிச்சிருக்கேன். நான் கீழ படிச்சிட்டிருந்தப்ப வீட்ல அடுப்படி மேடைய இடிச்சு மாத்திட்டாங்க, நல்லதுக்குத்தான், அம்மாவுக்கு முதுகு வலி. ஆனா என்கிட்ட சொல்லலன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தேன். மார்கோ மேல கோவப்படற ரிவ்யூ நிறைய படிச்சேன், அவ சுயநலம்னு. மூத்தவளா பிறந்திருந்தா அப்படி எழுத மாட்டாங்க. அம்மா போனதுக்கப்புறம் வீட்டை தூக்கி நிறுத்தினது அவ, அந்த இடத்துக்கு வேற ஆள் வந்ததும் அவ எங்க நிக்கணும்னு அவளுக்கே தெரியல.

கொரியா விஷயம் ஒண்ணு இருக்கு. பொண்ணுங்க மூணு பேரும் அம்மாவோட நாட்டுக்கு போற ட்ரிப் பரிசா வருது. லாரா ஜீனுக்கு முதல்ல பீட்டரை விட்டுட்டு போகணுமேன்னு இருக்கும். இந்த இடத்துல எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு. பாட்டி இலங்கையில நுவரெலியா பக்கம் பிறந்தவங்க, அங்க இருந்த தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின 1964 சாஸ்திரி ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துல வந்தவங்கள்ல ஒருத்தங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு நீலகிரி தேயிலைக்கு வந்தாங்க. இன்னைக்கும் இங்க சில பேர் எங்களை சிலோன்காரங்கன்னுதான் சொல்வாங்க, நாங்க யாரும் அந்த மண்ணை பார்த்ததே இல்ல. பாட்டி சொன்ன ஊர் பேரு, தோட்டம் பேரு எல்லாம் எங்களுக்கு பாட்டு மாதிரி மனப்பாடம். லாரா ஜீனோட அம்மா போனதுக்கப்புறம் அவங்களோட சாப்பாட்டையும் பழக்கத்தையும் விட்டுடக்கூடாதுன்னு அந்த அப்பாவும் பொண்ணுங்களும் பாடுபடறது முதல் புக்ல இருந்தே வரும், அந்த இடமெல்லாம் நான் ரெண்டு தடவை படிப்பேன். அதனாலேயே ஒரு குறையும் சொல்றேன், இந்த கடைசி புக்ல கொரியாவுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கணும். 2021ல வந்த மூணாவது படம் சியோல்லயே ஆரம்பிக்குது, அந்த ஒரு விஷயத்துல படம் புக்கை ஜெயிச்சிடுச்சு.

மத்தபடி படம் பார்த்தவங்க கதை தெரியும்னு நினைச்சு புக்கை விட்டுடாதீங்க. படத்துல பீட்டர் ஸ்டான்ஃபோர்டு போறான், லாரா ஜீன் நியூயார்க் யூனிவர்சிட்டியை எடுக்கறா, நாட்டோட ரெண்டு ஓரம். அங்க பிரிவு எல்லாருக்கும் புரியற மாதிரி பெருசா இருக்கு. புக்ல மூணு மணி நேரம்தான். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டே ஒருத்தரை விட வேண்டி வருமாங்கிறதுதான் புக் கேக்கற கேள்வி, அது படத்துல இல்ல.

இப்ப பீட்டரோட அம்மா. என்னைக் கேட்டா மொத்த புக்லயும் முக்கியமான சீன் இதுதான். அவங்க லாரா ஜீனை தனியா சந்திச்சு, பீட்டர் உனக்காக காலேஜ் மாறலாம்னு யோசிக்கறான், அவன் மேல உனக்கு அக்கறை இருந்தா அவனை விட்டுடுன்னு சொல்ற மாதிரி பேசறாங்க. கத்தல, திட்டல. அப்பா விட்டுட்டு போன குடும்பம், பையன் ஸ்காலர்ஷிப்ல படிக்கப்போறான், அந்த பயம் அவங்க பேச்சுல இருக்கு. லாரா ஜீனும் அதை கேட்டுட்டு அவனோட பிரிஞ்சுடறா, காரணத்தை முழுசா சொல்லாம. தங்கச்சி இந்த இடத்துல புக்கை மூடி வச்சுட்டு அடுப்படிக்கு போய் அம்மாகிட்ட மொத்த கதையும் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சுட்டா. அம்மா ஃபேக்டரி ஷிப்ட் முடிச்சு வந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தாங்க. எல்லாம் கேட்டுட்டு, "அந்தம்மா பயந்தது தப்பில்ல பாப்பா, ஆனா பெத்தது பையனைத்தானே, அவன்கிட்ட பேச தைரியம் இல்லாம அடுத்த வீட்டு புள்ளகிட்ட வந்து பேசினாங்க பாரு, அதுதான் தப்பு"ன்னாங்க. இதுவரைக்கும் நான் படிச்ச எந்த ரிவ்யூலயும் இதை இவ்வளவு சரியா யாரும் சொல்லல. தங்கச்சி விடல, "அப்ப நான் சென்னை போறதுல உனக்கு பயம் இருந்தா என்கிட்டயே சொல்லு, அக்காகிட்ட சொல்லாத"ன்னா. அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல, அப்புறம் "பயமாத்தான் இருக்கு, போயிட்டு வா"ன்னாங்க.

குறைகளை சொல்லாம விட்டா நல்ல ரிவ்யூ ஆகாது. முதல் பாதி மெதுவா நகருது, ப்ராம்னு ஸ்கூல் டான்ஸ் பார்ட்டி, ஸ்கூல் ட்ரிப், கல்யாண ஏற்பாடுன்னு ஒவ்வொண்ணா வருது, எதுவும் முட்டிக்கல. நூறு பக்கம் வரைக்கும் பொறுமை வேணும். சேப்பல் ஹில் முடிவு ஒரே ஒரு தடவை போய் பார்த்ததுல நடந்துடுது, அங்க இன்னும் ரெண்டு சாப்டர் இருந்திருந்தா அவ மனசு மாறினது இன்னும் அழுத்தமா இருந்திருக்கும். லெட்டர் போய்ச் சேர்ந்த பசங்கள்ல ஒருத்தன், ரெண்டாவது புக்ல அவ்வளவு ஆசையா எழுதின ஜான் ஆம்ப்ரோஸ் இதுல வந்துட்டு போறதோட சரி. பீட்டருக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவுல இருக்கற விஷயம் நல்ல ஆழமா போயிருக்க வேண்டியது, மேலாக தொட்டுட்டு விட்டுட்டாங்க. அந்த காயம் முழுசா தெரிஞ்சிருந்தா அவன் ஏன் லாரா ஜீனை பிரியறதுக்கு இவ்வளவு பயப்படறான்னு இன்னும் நல்லா புரிஞ்சிருக்கும்.

ஸ்டோர்மி பாட்டி இறந்துபோறது ஒண்ணுதான் நான் எதிர்பார்க்காதது. முதியோர் இல்லத்துல லாரா ஜீனுக்கு ஃப்ரெண்டான பாட்டி, வாழ்க்கையை ரசிச்சு வாழ்ந்தவங்க. அதிக பக்கம் இல்ல, ஆனா ஒரு பெரிய மாற்றம் வரப்போற வருஷத்துல சாவும் சேர்ந்து வரும்ங்கிறது உண்மைதானே, எங்க பாட்டியும் நான் காலேஜ் சேர்ந்த முதல் வருஷம்தான் போனாங்க.

முடிவுக்கு வரேன். அப்பா கல்யாணத்தன்னைக்கு பீட்டர் வரான், இயர்புக்ல, அதான் ஸ்கூல் முடியறப்ப ஃப்ரெண்ட்ஸ் எழுதிக் கொடுக்கற போட்டோ புக்ல, அவன் எழுதி வச்சிருந்ததை அவ படிக்கறா, முதல் புக்ல போட்ட அந்த ஒப்பந்தத்தை மாதிரி புதுசா ஒண்ணு, இந்த தடவை நடிக்கறதுக்கு இல்ல, தூரத்துல இருந்துக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் விடாம இருக்கறதுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்க, ஆனா அவ சேப்பல் ஹில்தான் போறா, அவன் ஊர்லயேதான் படிக்கப்போறான். அப்புறம் அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா இல்லையான்னு புக் சொல்லாது. தங்கச்சிக்கு அதுல கோவம், மூணு புக் படிச்சதுக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்லன்னு. எனக்கு அதுதான் பிடிச்சது. பதினெட்டு வயசுல வீட்டை விட்டு போறப்ப யாருக்கு என்ன தெரியும்? அவ முழுசா கிளம்பிட்டா, அது தெரிஞ்சா போதும் எனக்கு. அவனுக்காக தன் இடத்தை மாத்திக்கல, அவனையும் மாத்த விடல. டீன் ரொமான்ஸ்னு அட்டையில போட்டு விக்கற புக்ல இந்த முடிவு எடுக்கறதுக்கு ஒரு எழுத்தாளருக்கு தைரியம் வேணும்.

இங்கிலீஷ் எப்படின்னு கேப்பீங்க. ரொம்ப எளிமை. சின்ன சின்ன சாப்டர், லாரா ஜீனே சொல்ற மாதிரி, நிகழ்காலத்துல. தமிழ் மீடியத்துல படிச்ச என் தங்கச்சிக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் தேட வேண்டி வந்துச்சு, அதுவும் பெரும்பாலும் காலேஜ் அட்மிஷன் சம்பந்தப்பட்டது, கேக் சம்பந்தப்பட்டது. எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு முதல் ரெண்டு புக் கொடுக்கலாம், இதை ப்ளஸ் ஒன் வந்ததுக்கப்புறம் கொடுங்க, ஸ்கூல் முடிஞ்சு பீச்சுக்கு போற பகுதியில உடம்பு சம்பந்தப்பட்ட பேச்சு வெளிப்படையா வரும். தப்பா எதுவும் எழுதல, ரொம்ப பொறுப்பாவும் மென்மையாவும்தான் எழுதியிருக்காங்க, ஆனா அம்மா அப்பா முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. மூணாவதை மட்டும் தனியா வாங்காதீங்க, அந்த ஒப்பந்தம் எதுன்னு தெரியாம கடைசி சாப்டர்ல மனசு ஒட்டாது.

புக்கை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினேன், மழையில ரோட்ல மண் சரிஞ்ச வாரம், பார்சல் மேட்டுப்பாளையம் வந்து அஞ்சு நாள் அங்கயே கிடந்துச்சு. வந்தப்ப மெல்லிசு பிளாஸ்டிக் கவர்ல ஒரு அட்டை கூட வைக்காம அனுப்பியிருந்தாங்க, ஓரம் நனைஞ்சு பக்கமெல்லாம் அலை அலையா இருந்துச்சு. மலைக்கு புக் அனுப்பறவங்க மழைக்காலத்துல ரெண்டு கவர் போட்டு அனுப்பினா எவ்வளவு நல்லா இருக்கும், இங்க ஒரு தடவை நனைஞ்ச புக் லேசுல காயாது, பூஞ்சை பிடிச்சுடும். அடுப்பு பக்கத்துல நாலு நாள் பக்கங்களுக்கு நடுவுல பேப்பர் வச்சு காய வச்சோம். பேப்பர் தரம் சுமார், எழுத்து அளவு கண்ணுக்கு சரியா இருக்கு, முந்நூறு பக்கத்துக்கு மேல இருந்தாலும் கையில கனம் தெரியல. அஞ்சுக்கு நாலு மார்க் கொடுக்கறேன், அந்த ஒரு மார்க் முதல் நூறு பக்கத்துக்கும் கொரியாவுக்கும் குறைச்சது.

புக் இப்ப எங்கிட்ட இல்ல. தங்கச்சி சென்னைக்கு கிளம்பினப்ப முதல் ரெண்டையும் வீட்ல விட்டுட்டு இதை மட்டும் பெட்டியில வச்சுக்கிட்டா, நானும் எதுவும் சொல்லல. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, ரூம்மேட் வீடு அடையார்லயாம், அங்க ஓவன் இருக்காம், எல்லாரும் சேர்ந்து குக்கி செய்யப்போறாங்களாம். நாம கண்டுபிடிச்ச அளவை அனுப்புக்கான்னா. அது இந்த உயரத்துக்கு போட்ட அளவுடி, அங்க கடல் பக்கத்துல எதையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம், ரெசிபியில போட்டிருக்க மாதிரியே போடுன்னு சொன்னேன். சாயங்காலம் போட்டோ வந்துச்சு. முதல் ட்ரேலயே சரியா வந்திருந்துச்சு.